ஜன்னல் கட்டையில் ஒரு டம்ளர்

ஆசிரியர் பயிற்சியில் படித்தபோது ஆளுக்கு ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்துத் தனியாள் ஆய்வு எழுதச் சொன்னார்கள். பெயர், வயது, குடும்பப் பின்னணி, பிரச்சினை, மேற்கொண்ட முயற்சி, விளைவு என்று கட்டம் கட்டிய தாள். அன்று யாரோ ஒரு வீட்டுப் பிள்ளையைப் பற்றி எழுதி மதிப்பெண் வாங்கினேன். இன்று எழுதுவது என் வீட்டைப் பற்றி. 2024 கோடை விடுமுறையில் என் பிள்ளைகள் விளையாடிய ஒரு விளையாட்டும், அதற்கு அடுத்த சில வாரங்களில் எங்கள் வீட்டில் நடந்தவையும்தான் விஷயம். நடந்த அன்றன்று இரவே குறிப்பேட்டில் எழுதி வைத்ததால், பேச்சுகளைக் கிட்டத்தட்ட அப்படியே தர முடிகிறது.

வீடும் ஆட்களும்

கரூருக்கும் திருச்சிக்கும் நடுவே, காவிரிக் கரையில் ஒரு பேரூராட்சி. மாமனார் கட்டிய ஓட்டு வீடு. வாசலில் திண்ணை, திண்ணையை ஒட்டி ஒரு ஜன்னல். வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம். மாமியாருக்கு 71 வயது, பிள்ளைகளுக்கு அவர் அப்பாயி. கணவர் மின்சாதனக் கடையில் கணக்கு எழுதுகிறார். நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. மகளுக்கு அப்போது 8 வயது, மூன்றாம் வகுப்பை முடித்திருந்தாள். மகனுக்கு 5. பெரியவள், சின்னவன் என்றே எழுதுகிறேன்.

இரண்டு பேருக்கும் கை சும்மா இருக்காது. அட்டைப்பெட்டி, பாட்டில் மூடி, ஐஸ் குச்சி, பழைய கல்யாணப் பத்திரிகை எதையும் தூக்கிப் போட விடமாட்டார்கள். கண்ணும் சும்மா இருக்காது, குறிப்பாகப் பெரியவளுக்கு. ரேஷன் கடைக்கு அழைத்துப் போனால், வரிசையில் நிற்கும் வயசான ஆட்களை எண்ணிவிட்டு, "எடை போடுறவங்களுக்கு மட்டும் ஏம்மா நாற்காலி?" என்பாள். சின்னவன் அவ்வளவு தூரம் யோசிக்க மாட்டான். ஆனால் முறுக்கைப் பங்கு போடும்போது தனக்கு ஒன்று குறைந்தால் ஊரையே கூட்டிவிடுவான்.

அந்த ஏப்ரல் 19ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு. அதற்கு அடுத்த நாட்களில் வீட்டில் ஓயாமல் ஓட்டு விளையாட்டு நடந்தது. பீட்ரூட்டை நறுக்கி, அதன் சாற்றை எல்லோருடைய இடது கை ஆள்காட்டி விரலிலும் தடவினார்கள். குப்பை எடுக்க வரும் அக்காவின் விரலிலும் தடவப் போன பெரியவள், அங்கே ஏற்கெனவே மை இருப்பதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "அக்காவும் ஓட்டுப் போட்டிருக்காங்க! அப்பாயி விரல்ல இருக்கிற அதே மை!" அப்போது எனக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. பிறகு குறிப்பேட்டைப் புரட்டியபோதுதான், அவள் மனத்தில் இந்த ஒப்பீடு அப்போதே தொடங்கிவிட்டது என்று புரிந்தது.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேரூராட்சியின் தூய்மைப் பணியாளர். வயது ஐம்பதை நெருங்கும். காலை ஏழு மணிக்கு விசில் சத்தம் கேட்டால் அவருடைய வண்டி தெருமுனைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். 2020இல் அரசு 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயரைத் 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றியது. எங்கள் தெருவில் பல வீடுகளில் அவர் இன்னும் 'குப்பைக்காரம்மா'தான். பிள்ளைகளுக்கு மட்டும் அக்கா. அவர் பெயரை இங்கே எழுதவில்லை. கேட்டேன், வேண்டாம் என்றார்.

ஏப்ரல் 27, சனிக்கிழமை

கரூர் பரமத்தியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டிய நாட்கள் அவை. பிள்ளைகளை வெளியே விடாமல் தாழ்வாரத்தில் விளையாடச் சொல்லியிருந்தேன். சாக்பீஸால் தரையில் ஒரு தெருவே வரைந்திருந்தார்கள். சின்னவன் குப்பை வண்டி. சோப்புத் தூள் வந்த அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டி, தண்ணீர் பாட்டில் மூடிகளைச் சக்கரமாக ஒட்டியிருந்தான். விசிலுக்குப் பூவரச இலையில் சுருட்டிய பீப்பி. பெரியவள்தான் அப்பாயி. துண்டை முந்தானையாகப் போட்டுக்கொண்டு, இடுப்பில் கை வைத்து நின்றாள்.

நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

வண்டி வந்தது. குப்பை கொட்டியாயிற்று. "தண்ணி குடுங்கம்மா" என்றான் சின்னவன். பெரியவள் பக்கத்தில் ஐந்து காகிதக் கப்புகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் எங்கள் ஐந்து பேர் பெயரையும் புள்ளி புள்ளியாக வைத்து எழுதியிருந்தாள், பாத்திரத்தில் பேர் வெட்டியிருக்குமே, அதே மாதிரி. சின்னவன் தன் பெயர் போட்ட கப்பை எடுக்கப் போனான். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"அது ஒனக்கில்ல. நீ குப்பை அக்கா. ஒன்னோடது அங்க இருக்கு பாரு."

சாக்பீஸ் வீட்டுக்கு வெளியே ஒரு செங்கல், அதன்மேல் ஒரு கொட்டாங்கச்சி.

"எனக்குக் கப்புதான் வேணும். நான் கையக் கழுவிட்டேன்."

"கழுவினாலும் அதுலதான். இந்தா, குடிச்சிட்டு அங்கயே கவுத்து வச்சிட்டுப் போ."

"ஏன்?"

பெரியவள் உடனே பதில் சொல்லவில்லை. துண்டை ஒருமுறை சரி செய்துகொண்டாள். அப்புறம் சொன்னாள்: "அப்படித்தான்."

சின்னவன் கொட்டாங்கச்சியை எட்டி உதைத்துவிட்டு அழுதுகொண்டே என்னிடம் வந்தான். என் கை கீரையிலேயே நின்றுவிட்டது. அவள் நடித்துக்காட்டியதில் ஒரு வரிகூடக் கற்பனை இல்லை. திண்ணை ஜன்னல் கட்டையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் பல வருஷமாகக் கவிழ்ந்து கிடக்கிறது. அக்கா வந்து தண்ணீர் கேட்டால், மாமியார் சொம்பிலிருந்து அதில் ஊற்றுவார். அக்கா குடித்துவிட்டு, தானே அலசிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அது அங்கே இருக்கிறது. வாரம் ஒருமுறை அதைத் தனியாகத் தேய்த்து, திரும்ப அங்கேயே வைத்தவள் நான்தான். அது ஏன் அங்கே இருக்கிறது என்று எனக்கு முதல் நாளே தெரியும். ஒன்பது வருஷம் வாய் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் பெரியவள் கேட்டாள். "நம்ம வீட்டு டம்ளர் எல்லாத்துலயும் பேர் இருக்கு. அப்பாயி பேர், தாத்தா பேர், ஒங்க அப்பா பேர். அந்த டம்ளர்ல மட்டும் ஏம்மா பேர் இல்ல?"

சீராக வந்த பாத்திரம் எல்லாவற்றிலும் பேர் வெட்டியிருக்கும். ஜன்னல் டம்ளர் எதற்கோ இலவசமாக வந்தது. "நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

விளையாட்டில் தெரிந்தது

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இந்த ஆய்வில் எனக்கு முக்கியமான பகுதி இதுதான்.

ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1933இல் குழந்தை விளையாட்டைப் பற்றி ஓர் உரை ஆற்றினார். பயிற்சியில் அவரைப் பற்றிப் படித்தபோது பரீட்சைக்காகப் படித்ததோடு சரி. அந்த உரையில் அவர் ஓர் உதாரணம் காட்டுகிறார். நிஜத்திலேயே அக்கா தங்கையான இரண்டு சிறுமிகள், 'அக்கா தங்கை' விளையாட்டு விளையாடுகிறார்கள். அன்றாடம் அக்கா தங்கையாக இருக்கும்போது அதைப் பற்றி அவர்கள் யோசிப்பதே இல்லை. விளையாட்டில் மட்டும், அக்கா என்றால் எப்படி இருக்க வேண்டும், தங்கை என்றால் எப்படி நடக்க வேண்டும் என்று விதி வகுத்து நடிக்கிறார்கள். வாழ்க்கையில் கண்ணில் படாமல் போவது விளையாட்டில் விதியாகிவிடுகிறது என்கிறார். எங்கள் தாழ்வாரத்தில் நடந்ததும் இதுவே. "அவங்களுக்குத் தனி டம்ளர்" என்று அந்த வீட்டில் யாரும் பிள்ளைகளிடம் சொன்னதில்லை. யாரும் சொல்லாத விதியை என் மகள் ஒரு செங்கல்லை வைத்துச் சட்டமாகவே போட்டுவிட்டாள்.

இன்னொரு ஆய்வும் நினைவுக்கு வந்தது. 2005இல் விக்டோரியா ஹார்னர், ஆண்ட்ரூ வைட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சிம்பன்சிகளுக்கும் மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளுக்கும் ஒரே பெட்டியைக் காட்டினார்கள். பெட்டிக்குள் பரிசு. அதை எடுத்துக் காட்டும்போது தேவையே இல்லாத ஒரு வேலையையும் சேர்த்துச் செய்தார்கள், அதாவது மேலே இருந்த துளைக்குள் குச்சியால் குத்தினார்கள். பெட்டி உள்ளே தெரியாமல் மூடியிருந்தவரை சிம்பன்சிகளும் குத்தின. கண்ணாடி போன்ற பெட்டியைக் கொடுத்ததும், குத்துவதால் பயனில்லை என்று பார்த்து விட்டுவிட்டன. பிள்ளைகள் அப்போதும் குத்தினார்கள். பெரியவர்கள் செய்கிறார்கள் என்றால் அதில் ஏதோ காரணம் இருக்கும் என்ற நம்பிக்கை அது. மனிதப் பிள்ளைகள் மொழியையும் சமையலையும் கோலத்தையும் இப்படித்தான் கற்கிறார்கள். ஜன்னல் டம்ளரையும் இதே நம்பிக்கையோடுதான் எடுத்துக்கொள்கிறார்கள். 'அப்படித்தான்' என்று அவள் சொன்னபோது அவள் குரலில் இருந்தது எங்கள் குரல்.

சின்னவன் அழுததற்கும் பெரியவள் கேட்டதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவன் அழுதது, தனக்குக் கப்பு கிடைக்கவில்லை என்று. அவள் கேட்டது, தனக்குக் கிடைப்பது இன்னொருவருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று. பீட்டர் பிளேக், கேத்தரின் மெக்காலிஃப் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், நான்கிலிருந்து ஏழு வயதுப் பிள்ளைகள் தங்களுக்கு மிட்டாய் குறைவாகக் கிடைத்தால் மறுத்தார்கள், கூடுதலாகக் கிடைத்தால் பேசாமல் ஏற்றுக்கொண்டார்கள். எட்டு வயதுப் பிள்ளைகள் மட்டும் இரண்டையும் மறுத்தார்கள். இதைப் படித்துவிட்டு, என் மகள் சரியான வயதில்தான் கேட்டிருக்கிறாள் என்று ஆறுதல் பட்டுக்கொண்டேன். ஆனால் அவர்களே வேறு சிலரோடு சேர்ந்து இந்தியா உட்பட ஏழு நாடுகளில் இதே சோதனையைச் செய்து 2015இல் வெளியிட்டார்கள். குறைவாகக் கிடைத்தால் மறுப்பது எல்லா நாட்டிலும் இருந்தது. கூடுதலாகக் கிடைப்பதை மறுப்பது மூன்று நாட்டுப் பிள்ளைகளிடம் மட்டுமே தெரிந்தது. அந்த மூன்றில் இந்தியா இல்லை. அப்படியானால் இது வயது வந்தால் தானாக முளைப்பது இல்லை, வளர்கிற இடத்தையும் பொறுத்தது. என் வீடு எப்படிப்பட்ட இடம் என்று அன்றிரவு யோசித்தபடி தூங்காமல் கிடந்தேன். கணவரிடம் சொன்னேன். "அம்மாகிட்ட இப்ப எதுக்கு இதையெல்லாம்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சொன்ன பதில்

மறுநாள் காலை பெரியவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். சாதி என்ற சொல் அவளுக்குப் புதிது இல்லை. சினிமாவிலும் செய்தியிலும் கேட்டிருக்கிறாள். அது நம் வீட்டு ஜன்னலில் இருக்கிறது என்பதுதான் புதிது. ரொம்ப காலத்துக்கு முன்பு சிலரைக் கீழே வைத்தார்கள், குப்பை அள்ளும் வேலையை அவர்கள் தலையில் கட்டினார்கள், கட்டிவிட்டு அந்த வேலையைச் செய்வதாலேயே தொடக் கூடாது என்றார்கள் என்று சொன்னேன். "அந்த டம்ளர் தப்பு. அது தப்புன்னு தெரிஞ்சும் நானும் பேசாம இருந்தேன்" என்றும் சொன்னேன்.

அவள் எழுந்து போய்த் தன் பாடப்புத்தகத்தை எடுத்து வந்தாள். முன்பக்கத்தில், "தீண்டாமை மனிதநேயமற்ற செயலும் பெருங்குற்றமும் ஆகும்." "இதுவா?" என்று கேட்டாள். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாரும் இதை மறந்திருக்க முடியாது. என் காலத்துப் புத்தகத்தில் மூன்று வரி: தீண்டாமை ஒரு பாவச்செயல், ஒரு பெருங்குற்றம், ஒரு மனிதத்தன்மையற்ற செயல். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை எந்த வடிவிலும் தடை செய்கிறது. அதன் சாரத்தைத்தான் ஒவ்வொரு பிள்ளையின் பைக்குள்ளும் வைத்து அனுப்புகிறோம். வருஷாவருஷம் ஜூனில் அந்தப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்த வரியையும் ஜன்னலையும் சேர்த்துப் பார்க்க ஒரு எட்டு வயதுப் பிள்ளை தேவைப்பட்டது.

"இதுவேதான்" என்றேன்.

பூப்போட்ட டம்ளர்

பெரியவளுக்கு ஒன்று தெரிந்துவிட்டால் கை உடனே வேலையைத் தொடங்கிவிடும். ஜன்னல் டம்ளரை எடுத்துத் தேய்த்துக் கழுவி, என்னுடைய நகப்பூச்சால் சுற்றிலும் செம்பருத்திப் பூ வரைந்தாள். நடுவில் விசிலோடு ஒரு அக்கா. அடியில் 'அக்காவுக்கு' என்று புள்ளி புள்ளியாகப் பேர். சாயங்காலம் வரை விசிறியால் விசிறிக் காய வைத்தாள். நிஜமாகவே அழகாக இருந்தது.

திங்கட்கிழமை காலை அக்கா வந்ததும் இரண்டு கையாலும் நீட்டினாள். நான் போனில் படம் எடுத்தேன். அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூவைத் தடவினார். அப்புறம் சிரித்துக்கொண்டேதான் கேட்டார்: "ரொம்ப நல்லாருக்கு கண்ணு. ஆனா எனக்கு மட்டும் எதுக்கு சாமி தனியா?"

பெரியவள் முகம் சுருங்கிவிட்டது. அவள் எதை மாற்றுவதற்காக வரைந்தாளோ அதையே இன்னும் அழகாகச் செய்து வைத்திருக்கிறாள் என்பது அந்த ஒரு கேள்வியில் அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும்தான்.

நான் செய்த தவறு ஒன்று இதில் உண்டு. அக்கா அந்தக் கேள்வியைக் கேட்பதற்குள், கையில் டம்ளரோடு இருவரும் நிற்கும் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டேன். மத்தியானத்துக்குள் சொந்தக்காரர்கள் இதயமும் கைதட்டலுமாக அனுப்பிவிட்டார்கள். யாருமே டம்ளர் ஏன் தனியாக இருக்கிறது என்று கேட்கவில்லை. அவரிடம் கேட்காமல் அவர் முகத்தை எடுத்து என் பிள்ளையின் நல்ல மனத்துக்குச் சாட்சியாக மாட்டியிருக்கிறேன். சாயங்காலம் அழித்தேன். அடுத்த நாள் அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அதனால என்ன டீச்சர்" என்றார், தெருவைப் பார்த்தபடி.

பிள்ளைகளின் நல்ல காரியத்தைப் பாராட்டும் அவசரத்தில் நாம் கவனிக்காமல் விடுவது, அந்தக் காரியம் யாருக்காகச் செய்யப்பட்டதோ அவருடைய பதிலை. பெரியவளுக்கு நான் கைதட்டியிருந்தால், தனி டம்ளரில் பூப் போட்டால் போதும் என்று கற்றுக்கொண்டிருப்பாள். அக்கா அப்படிக் கேட்டது அவளுக்குக் கிடைத்த பெரிய பாடம். அவள் இரண்டு நாள் பேசாமல் சுற்றினாள். சமாதானம் சொல்ல வாய் வந்தது. சொல்லாமல் இருந்தேன்.

மூன்றாம் நாள் அவளே திண்ணையில் போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "ஒங்களுக்கு என்ன வேணும்கா?" என்று கேட்டாள். முதலில் பெயரைக் கேட்டுக்கொண்டாள். ஒன்பது வருஷத்தில் எங்கள் வீட்டில் யாரும் கேட்காத கேள்வி.

அக்கா கையுறையைக் கழற்றிக் காட்டினார். கட்டை விரலுக்குக் கீழே நீளமாக ஒரு காயம், பாதி ஆறியிருந்தது. ட்யூப்லைட் உடைத்துப் போட்ட பை. யார் வீடு என்று சொல்லவில்லை. "டம்ளர் கெடக்கட்டும் கண்ணு. கண்ணாடிய அப்படியே பையில போடாம தாள்ல சுத்திக் குடுங்க. ஊசி, ப்ளேடு, நாப்கின் எல்லாம் சோத்தோட சேர்த்து வர்றது. நான் கையாலதான் பிரிக்கணும்."

அப்போது நடப்பில் இருந்த 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள், குப்பையை மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது வீட்டுக்காரர்களின் கடமை என்றன: மக்கும் குப்பை, மக்காத குப்பை, பூச்சிமருந்து டப்பா, பல்பு போன்ற ஆபத்தான குப்பை. நாப்கின், டயாப்பர் எல்லாவற்றையும் நன்றாகச் சுற்றி, மக்காத குப்பையில் போட வேண்டும் என்றன. நாங்கள் இரண்டு தொட்டி வைத்திருந்தோம், பச்சை ஒன்று, நீலம் ஒன்று. விருந்தாளி வந்தாலோ எனக்கு அவசரமென்றாலோ எல்லாம் ஒரே தொட்டிக்குத்தான் போகும். அந்த அவசரத்தின் மீதி வேலையை யார் கை செய்தது என்பது இப்போது தெரிந்தது.

அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு ஒரு தொழிற்சாலையே நடந்தது. பழைய நாளிதழை மடித்துக் கோந்து ஒட்டிக் கெட்டியான உறை. மேலே சிவப்பு கிரேயானில் உடைந்த கண்ணாடிப் படம், கீழே 'கவனம்'. எழுத்தை விடப் படம் பெரிதாக இருக்க வேண்டும் என்றது சின்னவன். தனக்கு இன்னும் வாசிக்கத் தெரியாது என்பதால் அவனுக்கு அந்த யோசனை வந்தது. முதலில் செய்த உறை சிறியது, ட்யூப்லைட் துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அக்காவிடம் காட்டி, இரண்டு தாளைச் சேர்த்து நீளமாக மடித்தார்கள். தெருவில் பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நான்கைந்து வீடுகள் பயன்படுத்துகின்றன. ஒரு வீட்டில், "குப்பைக்குப் போய் இத்தனை அலங்காரமா?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அப்பாயி

மாமியாரைக் கெட்டவராக எழுதினால் அது பொய்யாகிவிடும். கொரோனா ஊரடங்கில் தெருவே கதவை மூடிக்கொண்டபோது, அக்காவுக்கு அரிசியும் பருப்பும் கட்டி வைத்தவர் அவர். பொங்கலுக்குப் புடவை எடுத்துக் கொடுப்பார். அக்காவின் மகள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போய் வந்தவர். அதே கைதான் சொம்பை உயரத் தூக்கி ஊற்றும். இரண்டும் ஒரே ஆளிடம் எப்படி இருக்க முடியும் என்று முன்பெல்லாம் குழம்புவேன். பிள்ளைகளின் விளையாட்டைப் பார்த்த பிறகு குழப்பம் குறைந்தது. யாரோ அவருக்கும் ஐந்து வயதில் ஒரு கொட்டாங்கச்சியைக் காட்டியிருக்கிறார்கள்.

நான் பேசிய விதம் சரியில்லை. அந்த வாரம் ஒரு நாள் காலை, பிள்ளைகள் முன்னாலேயே, "இனிமே உள்ள இருக்கிற டம்ளர்லதான் தண்ணி குடுக்கணும்" என்று சொல்லிவிட்டேன். கேட்ட தொனி அல்ல, உத்தரவிட்ட தொனி. அவர் நிமிர்ந்து, "நான் என்ன அவளைத் துரத்தியா விட்டேன்? வெயில்ல வர்றவளுக்குத் தண்ணி குடுக்கிறேன்ல?" என்றார். குரல் உடைந்திருந்தது. "எச்சில் வேற, மனுஷங்க வேற. ஒருத்தர் எச்சில ஒருத்தர் குடிப்பாங்களா?"

இதற்குப் பெரியவள்தான் பதில் சொன்னாள். சண்டை போடும் குரலில் இல்லை, கணக்கில் தப்பைக் கண்டுபிடித்த மாதிரி. "அக்கா அண்ணாந்துதான் குடிக்கிறாங்க அப்பாயி. நான் பாத்திருக்கேன். நான்தான் வாய் வச்சுக் குடிக்கிறேன். அப்ப எனக்குத்தான தனி டம்ளர் வைக்கணும்?"

மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. அடுக்களைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து பேர் வெட்டின டம்ளர்களை அவர் தொடவில்லை. தன் கல்யாணச் சீரில் வந்த பித்தளைச் செம்பை எடுத்துப் புளி போட்டுத் துலக்கி, அதிலேயே தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார். பிள்ளைகளோடு பேசுவதில், சோறு ஊட்டுவதில், கதை சொல்வதில் எந்தக் குறையும் வைக்கவில்லை. என்னோடு பேச மட்டும் பத்துப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. கணவர் நடுவில் எதுவும் பேசவில்லை, ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தபோது தானே உள்ளே போய், தன் அப்பா பேர் வெட்டின டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மாமியார் அதைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்போது தெரிந்ததற்கு என்னிடம் வார்த்தை இல்லை.

பிள்ளைகள் முன்னால் அவரை நிற்க வைத்திருக்க வேண்டாம் என்று இன்றும் நினைக்கிறேன். டம்ளர் விஷயத்தில் விட்டுக்கொடுத்திருக்கக் கூடாதுதான். ஆனால் முதல்நாள் ராத்திரியே அவர் பக்கத்தில் உட்கார்ந்து, காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே சொல்லியிருக்கலாம். ஒன்பது வருஷம் பேசாமல் இருந்தவளுக்கு ஒரு காலையில் அவரை நிற்க வைத்துக் கேட்க என்ன உரிமை இருந்தது என்பதும் என்னை உறுத்துகிறது. பிறகு ஒரு நாள் அவர் காலுக்குத் தைலம் தேய்க்கும்போது இதைச் சொன்னேன். "அந்தப் புள்ள கேட்டுச்சே, அதுதான் மனசுல நிக்குது" என்றார். நான் சொன்னதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன், பள்ளி திறக்கும் முன்

பூப்போட்ட டம்ளர் இப்போது சின்னவனுடையது. வண்ணம் தீட்டும்போது பிரஷ் கழுவ வைத்திருக்கிறான். செம்பருத்தியின் மேல் பச்சையும் மஞ்சளும் சிந்திக் காய்ந்திருக்கிறது. ஜன்னல் கட்டை காலியாக இருக்கிறது. அப்பாயி செம்பில்தான் குடிக்கிறார்.

குப்பை வண்டி விளையாட்டை மறுபடி விளையாடுவார்களா என்று காத்திருந்தேன். நானாகச் சொல்லவில்லை. மே கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம் பூவரச பீப்பி சத்தம் கேட்டது. இந்த முறை பெரியவள் அக்கா, சின்னவன் வீட்டுக்காரன். அவள் வண்டியை நிறுத்தி, கையில் ஒரு குச்சியோடு ஒவ்வொரு பையையும் கிளறிப் பார்த்தாள்.

"கண்ணாடி இருக்கா?"

"இருக்கு. சுத்திட்டேன்."

"படம் வரைஞ்சியா?"

"வரைஞ்சிட்டேன்."

"தண்ணி குடுங்க."

சின்னவன் காகிதக் கப்பைக் கையில் எடுத்தான். அப்புறம் என்ன நினைத்தானோ, சாக்பீஸ் கோட்டுக்குள் ஒரு பாயை இழுத்துப் போட்டான்.

"உள்ள வாங்கக்கா. வந்து உக்காந்து குடிங்க."

பெரியவள் குனிந்து, இல்லாத ஒரு நிலைப்படி தலையில் இடிக்காமல், கோட்டைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்தாள்.

அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் இதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை. அவர் திண்ணையில்தான் உட்காருகிறார்.

நாளைக் காலை ஏழு மணிக்கு விசில் சத்தம் கேட்கும்.